கோமதி சொன்னது

ஜூன் 3, திங்கள்

இணையவழி விளம்பரப் பயிற்சி இன்று தொடங்கியது. நடத்துபவர் சென்னையில் இருக்கும் கிஷோர்நாத் சார். முதல் பாடமே ஆளுக்கொரு 'பிராண்டு டைரி' எழுத வேண்டும் என்பதுதான். பதினொன்றாம் வகுப்புக்குப் பிறகு நான் டைரி எழுதியதில்லை. அப்போது எழுதியதும் பெரும்பாலும் முட்டை பரோட்டாவைப் பற்றி.

ஆகவே பதிவு செய்கிறேன். பெயர் சிவசைலம். வயது முப்பத்தொன்பது. ஊர் பாளையங்கோட்டை. மருந்து கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். கம்பெனி தென்மாவட்டக் கிளையை மூடியபோது என்னையும் சேர்த்து மூடிவிட்டது. வீட்டில் சும்மா இருந்த நாட்களில் சமைக்கக் கற்றுக்கொண்டு, மனைவி கோமதிக்கு ஆபீசுக்குக் கொடுத்துவிடும் மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்து வலைப்பூவில் எழுத ஆரம்பித்தேன். அதன் பெயர் 'கோமதியின் டிபன்பாக்ஸ்'. தினமும் முந்நூறு பேர் படிக்கிறார்கள். கிஷோர்நாத் சார் இதை 'விதை நிலை' என்று சொன்னார். போன டிசம்பரில் போட்ட விதை. இன்னும் விதையாகவே இருக்கிறது.

கோமதி கருவூல அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போன வியாழக்கிழமை நாகர்கோவிலுக்கு மாறுதலாகிப் போயிருக்கிறாள். தற்காலிக ஏற்பாடுதான். இங்கிருந்து தினமும் நாகர்கோவில் போய்வருகிறவர்கள் ஒரு ரயில் பெட்டி நிறைய இருக்கிறார்கள். அவளுக்கு அலைச்சல் ஒத்துக்கொள்ளாது என்பதால் அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் சாமான்தான் கொண்டுபோனாள். தையல் மெஷின், புத்தக அலமாரி, அவளுடைய அம்மாவின் படம், படம் மாட்டியிருந்த ஆணி.

ஜூன் 4, செவ்வாய்

காலையில் பழக்கதோஷத்தில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்தேன். டப்பாவில் அடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, பையில் போட்டு வாசல்வரை கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பது வாசலில்தான் நினைவுக்கு வந்தது. மதியம் நானே திறந்து சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது. டப்பாச் சாப்பாடு இவ்வளவு ஆறும் என்பது எனக்குத் தெரியாது.

"கோமதி அக்கா என்ன சொன்னாங்க?" என்று தூத்துக்குடி வாசகி செண்பகவல்லி கேட்டிருந்தார். 'விரலைச் சப்பிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் வைத்திருக்கக் கூடாதா என்றாள்' என்று பதில் போட்டேன்.

கோமதி ஸ்பூனால் சாப்பிடுகிறவள்.

ஜூன் 7, வெள்ளி

இன்றைய வகுப்பில் கிஷோர்நாத் சார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சிவசைலம் சார், உங்க பிராண்டோட முகம் யாரு?"

"என் மனைவி, சார்."

"அவங்களைக் காணோமே. படமும் இல்ல, குரலும் இல்ல. வெறும் சோறுதான் இருக்கு."

"கூச்ச சுபாவம், சார்."

"அப்ப பேசவாவது விடுங்க. தினமும் சாப்பாட்டுக்குக் கீழ மனைவி சொன்ன ரெண்டு வரி வரணும். ஜனங்க சோத்துக்காக வர மாட்டாங்க. அந்த ரெண்டு வரிக்காக வருவாங்க."

'கோமதி சொன்னது' என்று ஒரு பகுதி தொடங்கிவிட்டேன். இன்று தேங்காய்ச் சாதம். கோமதி சொன்னது: 'இந்த மனுஷன் கையில் தேங்காய்கூடப் பேசுகிறது.'

எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் எடுக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

கிஷோர்நாத் சார் சொன்னது சரிதான். வாசகர்கள் தினமும் எண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். 'கோமதி சொன்னது' பகுதியை வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறார்களாம். நேற்று பாகற்காய்ப் பிட்லைக்கு, 'கசப்பையும் இனிப்பாக்க உங்களால்தான் முடியும்' என்று கோமதி சொன்னாள். அதற்கு முந்தைய நாள் சர்க்கரைப் பொங்கலைத் திறந்ததும் கண் கலங்கிவிட்டாள். இந்தக் கோமதிக்குத் தலைவலி வருவதில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டுவதும் இல்லை.

நாகர்கோவில் கோமதிக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. வேலையாக இருப்பாள்.

ஜூன் 19, புதன்

இன்றைய பாடம், மக்கள் கூகுளில் என்ன தேடுகிறார்கள் என்று கண்டுபிடித்து அதற்கேற்ற கட்டுரை எழுதுவது. அதற்கென்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அதில் 'மனைவி' என்று போட்டுப் பார்த்தேன். 'மனைவி கோபம் குறைய என்ன செய்வது' என்பதுதான் முதலில் வந்தது. தமிழ்நாட்டில் இத்தனை பேர் தேடுகிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

உட்கார்ந்து எழுதிவிட்டேன். 'மனைவியின் கோபத்தைத் தணிக்கும் ஏழு டிபன்கள்'. சேமியா கிச்சடியில் ஆரம்பித்து பால் கொழுக்கட்டையில் முடித்தேன். சாயங்காலத்துக்குள் கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. 'இவரல்லவா கணவர்' என்று பெங்களூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்.

கோமதி ஐந்து நாட்களாகப் போனை எடுக்கவில்லை. நாகர்கோவிலில் சிக்னல் சரியில்லை.

ஜூன் 20, வியாழன்

'நல்லா இருக்கேன். வேலை' என்று செய்தி அனுப்பினாள். சிக்னல் வந்துவிட்டது.

ஜூலை 1, திங்கள்

பெரிய செய்தி. டிபன்பாக்ஸ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று சென்னையிலிருந்து அழைத்தது. அவர்களுடைய புது டப்பாவை 'கோமதியின் டிபன்பாக்ஸ்' என்ற பெயரிலேயே விற்கலாமாம். ஒரு வருட ஒப்பந்தம். அதற்கு முன் ஒரு நிமிட வீடியோ வேண்டும். கோமதி ஆபீசில் டப்பாவைத் திறக்க வேண்டும், சிரிக்க வேண்டும், ஒரு வாய் சாப்பிட்டு நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

"கண்டிப்பா அனுப்பறேன்" என்றேன். என் குரல் அவ்வளவு தெளிவாக வந்ததை நானே கேட்டேன். மாதாமாதம் மருத்துவர்களிடம், 'இந்த மாத்திரைக்குப் பக்க விளைவே கிடையாது' என்று சொல்லிப் பழகிய குரல்.

ஜூலை 3, புதன்

கிஷோர்நாத் சாரிடம் லேசாகச் சொன்னேன். மனைவி வெளியூரில் இருக்கிறாள், கூச்சம் வேறு.

"முகம் வேண்டாம் சார். கை மட்டும் போதும்" என்றார். "வளையல் போட்ட கை ஒண்ணு, டப்பாவைத் திறக்குது. குரலை டப்பிங் பண்ணிக்கலாம். எந்தக் கைன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

இப்படிப்பட்ட மேதைகளுக்குக் கட்டணம் கட்டுவதில் தப்பில்லை.

ஜூலை 6, சனி

கீழ்வீட்டு சொர்ணம் அக்காவிடம் கேட்டேன். வீட்டுக்காரம்மாவும் அவர்தான். கோமதிக்கு அவரிடம் ஒட்டுதல் அதிகம். சாம்பார் சாதம் செய்து, டப்பாவை அவர் வீட்டு மேசையில் வைத்து, டிரைபாடில் போனை மாட்டி, விஷயத்தைச் சொன்னேன். அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் என்ன செய்யணும், தம்பி?"

"டப்பாவைத் திறந்தாப் போதும்க்கா. கை மட்டும்தான் தெரியும்."

"யாரு கைன்னு போடுவீய?"

"கோமதி கைன்னு."

அக்கா டப்பாவின் மூடியில் வைத்த கையை எடுத்துவிட்டார். "அவ கை வேணும்னா அவகிட்டத்தான கேக்கணும். என் கை எதுக்கு?"

"அவ ஊர்ல இல்லல்லாக்கா. மாறுதல் முடிஞ்சு வந்ததும்..."

"தம்பி, கேட்டு வாங்கிட்டுப் போனவ எப்படித் திரும்பி வருவா?" என்றார். சொன்னபிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தார் போல. எழுந்து உள்ளே போய்விட்டார். சாம்பார் சாதத்தையாவது சாப்பிடுங்கள் என்று வாசலில் நின்று சொன்னேன். "வச்சிட்டுப் போங்க" என்று மட்டும் குரல் வந்தது.

ஜூலை 8, திங்கள்

கருவூலத்தில் மாறுதல் என்பதெல்லாம் மேலிடத்து உத்தரவு. சொர்ணம் அக்காவுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது.

ஜூலை 10, புதன்

வீடியோ எப்போது வரும் என்று கம்பெனியில் கேட்டார்கள். கோமதிக்குச் செய்தி அனுப்பினேன். 'சனிக்கிழமை வரட்டுமா?' மாலையில் பதில் வந்தது. 'வாங்க.' ஒரே வார்த்தைதான். ஆனால் அழைப்பு அழைப்புதான்.

ஜூலை 13, சனி

காலையில் புளியோதரையும் அவியலும் செய்தேன். டப்பா ஒரு பையில், டிரைபாட் ஒரு பையில். ஆரல்வாய்மொழி காற்றாலைகளைத் தாண்டும்போது கோமதி பேச வேண்டிய நாலு வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவள் மறந்துவிட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே.

வடசேரியில் இறங்கி நடந்தேன். மாடியில் ஒற்றை அறை, சுத்தமாக இருந்தது. சாயா போட்டுக் கொடுத்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், அல்லது நான் பல நாட்களாகப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். டப்பாவை மேசையில் வைத்தேன். என் கை தானாகவே அதை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல எல்லாரும் உங்க பக்கத்தப் படிக்காங்க, தெரியுமா?" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கத் தெரியவில்லை.

"போன வாரம் மத்தியானம், கடையில வாங்கின புட்டப் பிரிச்சு வச்சிட்டு உக்காந்திருக்கேன். எதுத்த சீட்டு ஸ்டெல்லா மேடம் போனைப் பாத்துட்டே, 'கோமதி, இன்னைக்கு ஒனக்கு வத்தக்குழம்பும் அப்பளமும்னு போட்டிருக்கு, நீயும் அதப் பத்தி ரெண்டு வரி சொல்லியிருக்கியே'ன்னாங்க. எல்லாரும் திரும்பி என் புட்டைப் பாத்தாங்க."

டப்பாவின் மூடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

"சாயங்காலமா அவங்களே தனியா வந்து கேட்டாங்க. 'தப்பா எடுத்துக்காதம்மா, திருநெல்வேலியில இருக்குற அந்தக் கோமதி யாரு'ன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிக்கிற இடமில்லை என்பது பாதியில்தான் தெரிந்தது. மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் சாயாவைக் குடித்தேன்.

"ஆனா அந்தக் கோமதி நல்லவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "பாகக்காயத் திங்கா. என்ன குடுத்தாலும் கண்ணு கலங்குதா. எதுக்கும் கோவிச்சுக்க மாட்டேங்கா. எனக்கே அவளப் பிடிச்சுப்போச்சு. உங்களச் சொல்லி என்ன செய்ய?"

"அப்படியில்ல கோமதி. ஒரு பக்கம்னா அதுக்கு ஒரு ஆள் வேணும். நீதான் பிராண்டோட முகம்னு சார் சொல்லுதாரு."

"முகத்துக்குக் கீழ கழுத்துன்னு ஒண்ணு இருக்கு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பிப்ரவரியில என் கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"ஊசி வச்சு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாங்க. தனியாத்தான் போனேன். அதுக்கு முந்தி மூணு நாளா காலையில சொல்லணும் சொல்லணும்னு நிப்பேன். நீங்க டப்பாவத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்துட்டு இருப்பீங்க. 'ஒரு நிமிசம், ஒரு நிமிசம்'பீங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிரும். ஊசி வச்ச அன்னைக்கு என்னால எதையும் முழுங்க முடியல. டப்பா அப்படியே திரும்பி வந்துச்சு. நீங்க என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

"என்ன கேட்டேன்?"

"'பன்னீரத் தொடவே இல்லையே, நாளைக்கு என்னன்னு எழுத'ன்னு கேட்டீங்க."

ஞாபகம் வந்தது. பன்னீர்தான் ஞாபகம் வந்தது. மிளகு போட்டு வறுத்தது.

"ஒண்ணுமில்லன்னுதான் ரிசல்ட் வந்துச்சு" என்றாள். "அந்த ஒண்ணுமில்லங்கிறதச் சொல்லக்கூட வீட்டுல ஆள் இல்லாம, கீழ போயி சொர்ணம் அக்காட்டச் சொன்னேன். மறு வாரம் மாறுதலுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"எங்க?" என்று கேட்டேன். இடது பக்கம் தொட்டுக் காட்டினாள். ஒரு தடமும் இல்லை. இருந்திருந்தால் மட்டும் நான் பார்த்திருப்பேனா என்று தெரியவில்லை.

கிளம்பும்போது கேட்டாள். "சமைங்க, எழுதுங்க, என்ன வேணாலும் செய்யுங்க. என் பேர மட்டும் எடுத்துருங்க. நான் சொல்லாதத நான் சொன்னேன்னு எழுதாதீங்க."

வீடியோ எடுக்கவில்லை. மனசாட்சி தடுத்தது என்று எழுதலாம். பேசி முடித்தபோது வெளிச்சமும் போயிருந்தது.

ஜூலை 15, திங்கள்

கிஷோர்நாத் சாரைத் தனியாக அழைத்துப் பேசினேன்.

"பேரை மாத்தினா கூகுள் உங்களை மறந்துடும், சார். இத்தனை மாச உழைப்பும் போயிடும். கோமதிங்கிறது பொதுவான பேர்தானே? அது உங்க மனைவிதான்னு யார் சொன்னது? கற்பனைப் பாத்திரம்னு கீழ ஒரு வரி போட்டுட்டா சட்டப்படி எந்தப் பிரச்சினையும் வராது."

சாயங்காலம் வரைக்கும் அந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. சங்கரன்கோவில் அம்மனுக்கே கோமதி என்றுதான் பெயர். அம்மன் வந்து கேட்டாளா?

ஜூலை 17, புதன்

இரண்டு நாட்களாக டப்பா கட்டவில்லை. 'கோமதி அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?' என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். அவளைப் பார்த்தே இராத இருபது பேருக்கு, இரண்டு நாள் சத்தம் இல்லையென்றதும் உடம்புக்கு என்ன என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கணினியை மூடிவைத்தேன்.

பிறகு திறந்து, 'கோமதி சொன்னது' எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தேன். தேங்காய் பேசியதை அழிக்கும்போதுகூடக் கொஞ்சம் மனசு வலித்தது. நான் திருந்தாத கேஸ். பிறகு ஒரு பதிவு போட்டேன்: 'கோமதி சொன்னதாக இங்கே வந்தவை அனைத்தும் நானே எழுதியவை. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் பெயரைக் கேட்காமல் பயன்படுத்தியது தவறு. இனி இந்தப் பக்கம் சிவசைலம் சமையல்.'

டிபன்பாக்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிட்டேன்.

ஜூலை 20, சனி

கம்பெனி மரியாதையாக விலகிக்கொண்டது. கிஷோர்நாத் சார் வகுப்பில் என்னை உதாரணமாகக் காட்டினார். பாடத்தின் தலைப்பு, 'செய்யக் கூடாதவை'.

இன்றைய வாசகர்கள் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் நானே: போனில் ஒன்று, கணினியில் ஒன்று, சொர்ணம் அக்காவின் போனில் ஒன்று. பதிவு போட்ட அன்று திட்டிவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. செண்பகவல்லி, 'அப்ப அந்தப் புளிக்காய்ச்சல் செய்முறையும் பொய்யா?' என்று கேட்டிருந்தார். செய்முறை உண்மைதான் என்று பதில் போட்டேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

கோமதியிடமிருந்து செய்தி. 'பாத்தேன்.'

என் கோமதியாக இருந்தால் குறைந்தது நாலு வரி சொல்லியிருப்பாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

வண்ணார்பேட்டையில் மருந்து மொத்த விற்பனைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மதியத்துக்கு டப்பா கட்டிக்கொண்டு போனேன். படம் எடுக்கவில்லை. எடுக்கும்படியும் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோமதியே போன் செய்தாள். என்ன ஏது என்று கேட்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"செவ்வாக்கிழமை கழுத்தக் காட்டணும். ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருந்தாங்க. பாளையங்கோட்டைக்குத்தான் வாரேன். நீங்க வாரீங்களா?"

"வாரேன்" என்றேன். கடையில் லீவு கேட்க வேண்டும். சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. முதலாளி என்ன சொன்னாலும் சரி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டில் போய்க் காத்திருந்தேன். எங்கோ குற்றாலத்துப் பக்கம் பெய்ய வேண்டிய சாரல் வழிதவறி இங்கே வந்திருந்தது. நீலக் குடையோடு இறங்கினாள். ஆட்டோவில் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் சரியான கூட்டம். ஸ்கேன் அறைக்குள் அவள் போனபோது கைப்பையையும் குடையையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறந்த குழந்தைக்கு எந்த வாரம் எந்த ஊசி என்று இப்போது யார் கேட்டாலும் சொல்லுவேன். பிப்ரவரியில் இதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பை யாருடைய மடியில் இருந்திருக்கும் என்று யோசித்தேன். அவள் மடியில்தான்.

டாக்டர் அறைக்குள் நானும் வரட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "வேண்டாம், வந்து சொல்லுதேன்" என்றாள்.

வந்து சொன்னாள். "ஒண்ணுமில்லையாம். கரைஞ்சுட்டே வருதாம். இனி அடுத்த வருசம் காட்டினாப் போதும்னுட்டாரு."

"சரி" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. ஆறு மாதம் தினமும் வரிவரியாக எழுதித் தள்ளியவன். கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டேன். அவள் பார்க்காத மாதிரி பையை வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி கேண்டீனில் இட்லி சாப்பிட்டோம். இட்லி கல் மாதிரி இருந்தது. சட்னியில் தேங்காய் பேருக்குக்கூட இல்லை. நான் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, "பேசாமச் சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். ஸ்டெல்லா மேடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பது, அறையில் பைப்பு ஒழுகுவது, தையல் மெஷினில் பெல்ட் அறுந்தது எல்லாம் சொன்னாள். எனக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய இருந்தன. நான் ஒரு தடவைகூட 'ஒரு நிமிசம்' என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

பஸ் ஸ்டாண்டில், "வீட்டுக்கு வந்துட்டுப் போயேன்" என்றேன்.

"இன்னைக்கு இல்ல" என்றாள்.

நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னாள். பக்கத்தில் இன்னொரு பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தபடியே இருந்தான். ஒன்றும் காதில் விழவில்லை. கையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது.

வீடு வரைக்கும் நடந்து வந்தேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று மூன்று விதமாகத் தோன்றிவிட்டது. மூன்றும் நன்றாக இருந்தன. மூன்றாவது மிக நன்றாக இருந்தது.

போன் செய்து கேட்டேன்.

"குடைய உங்க கையிலேயே விட்டுட்டேன்" என்றாள். "அடுத்த வாட்டி இங்க வரும்போது எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன்."

குடையைக் கூடத்தில் விரித்துக் காயவைத்திருக்கிறேன்.